8 இஞ்ச் வூஃபருக்கு ஃபோம் மாற்றியது: செய்து பார்த்த குறிப்புகள்

எடுத்துக்கொண்டது எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு ஸ்பீக்கர் ஜோடி. மூடிய பெட்டி, பேஸுக்கு 8 இஞ்ச் பேப்பர் கோன் வூஃபர், மேல் ஒலிக்கு 1 இஞ்ச் டோம் ட்வீட்டர், பின்பக்கம் 8 ஓம் என்று அச்சு. பரணிலிருந்து இறக்கித் துணி மூடியைக் கழற்றினால் வூஃபரின் விளிம்பைக் காணோம். கோனைச் சுற்றி அரை இஞ்ச் இடைவெளி, பெட்டியின் அடியில் கறுப்பாகப் பிசுபிசுக்கும் துகள். இந்தக் கோலத்தில் பார்த்ததும் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். போயிருப்பது கோனைப் பிரேமோடு இணைக்கும் அந்த ஃபோம் வளையம் மட்டும்தான்.

அது பாலியூரிதேன். காற்றின் ஈரம் அதன் பிணைப்பை மெல்ல அறுக்கிறது. வெயிலும் ஓசோனும் கூடச் சேர்ந்துகொள்ளும். பாடினாலும் பாடாவிட்டாலும் 15, 20 வருடத்தில் பொடிந்துவிடும். கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். ரப்பர் விளிம்பு இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது, கொஞ்சம் இறுகும், அவ்வளவே. துணி விளிம்பும் அப்படித்தான். அவற்றை மாற்றப் போகவே வேண்டாம்.

செலவழிக்குமுன் ஜோடி தேறுமா என்று பார்க்க கால் மணி நேரம் போதும். முதலில் எடை. அட்டை போன்ற மெல்லிய பலகை, எலுமிச்சை அளவு மேக்னட், மூன்று ஸ்பீக்கர் போலக் காட்டி நடுவில் வெறும் அலங்கார மூடி என்றிருந்தால் அது பழைய மியூசிக் சென்டரோடு வந்த இலவச இணைப்பு. ஃபோம் வாங்கும் காசுக்குக்கூடத் தேறாது. அடுத்து, இரண்டிலும் ஒரே வூஃபர், ஒரே ட்வீட்டர், பக்கத்துப் பக்கத்து வரிசை எண் இருக்கிறதா? ஒன்றில் மட்டும் வேறு ட்வீட்டர் மாட்டியிருந்தால் மதிப்பு பாதிக்கு மேல் இறங்கிவிடும். பிபிசி வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ, யமஹா என்எஸ்-1000எம் மாதிரிப் பெயர் பெற்றவை கையில் கிடைத்தால் ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பாமல் முதலில் விசாரியுங்கள். அங்கே பெயின்ட் அடிப்பதும் கெபாசிட்டர் மாற்றுவதும்கூட விலையைக் குறைக்கும்.

பிறகு மல்டிமீட்டர். 8 ஓம் ஸ்பீக்கரில் நேர்மின் தடை 5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். இந்த ஜோடியில் வூஃபர் 5.9, 6.0, ட்வீட்டர் 5.4, 5.5. நான்கும் உயிரோடுதான் இருந்தன. மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுற்று) எரிந்திருக்கிறது. அடுத்த சோதனைக்குக் கைதான் கருவி. கோனின் எதிரெதிர் இரு புறமும் விரல் வைத்து நேராக உள்ளே அழுத்தி, காதை அருகில் வையுங்கள். மணலை உரசும் சத்தம் வந்தால் காயில் மேக்னட்டைத் தொடுகிறது. ஆனால் ஃபோம் இல்லாத கோன் சாய்ந்து கிடப்பதாலும் உரசும். விரலால் நடுவுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். கீழே விழுந்து மேக்னட்டே நகர்ந்திருந்தால் எப்படிப் பிடித்தாலும் உரசும். வீட்டு வேலையில் அது சரியாகாது.

மைக்செட் கடையில் கோனையே மாற்றி ரீகோன் செய்து கொடுப்பார்களே என்று தோன்றலாம். இந்த வகைக்கு அது வேண்டாம். 1954இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் கொண்டுவந்த யோசனை இது: கோனைப் பிடித்திருக்கும் விளிம்பும் ஸ்பைடரும் (கோனுக்கு அடியில் காயிலைத் தாங்கும் நெளிந்த துணி வளையம்) மிகத் தளர்வாக இருக்கும், பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங் வேலை செய்யும். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வருவது அதனால்தான். ரீகோன் கடையில் கனமான புது கோனும் விறைப்பான மடிப்பு விளிம்பும் போட்டால் சத்தம் வரும், பேஸ் போய்விடும். கல்யாண மண்டபத்துக்கு அது சரி.

முதல் நாள்: கழற்றலும் அளவும்

ஒயரைப் பிடுங்குமுன் போட்டோ. வூஃபரில் சிவப்புப் புள்ளி உள்ள முனைக்கு எந்த நிற ஒயர் போகிறது என்று குறித்தாயிற்று. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை சிவப்பில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஜேபிஎல்லின் பழைய வூஃபர்களில் இது தலைகீழ், உள்ளே போகும். அதைப் பழுது என்று நினைத்து ஒயரை மாற்றிவிடாதீர்கள்.

8 இஞ்ச் ஃபோம் என்று கேட்டு வாங்கினால் பொருந்தாது. 8 என்பது கடைப் பேச்சு. வேண்டியவை நான்கு அளவுகள்: பிரேமில் ஃபோம் உட்காரும் வெளி விட்டம், ஃபோமின் வளைந்த பகுதியான ரோலின் வெளி விட்டம், அதன் உள் விட்டம், கோனின் மேல் ஒட்டும் ஓரத்தின் உள் விட்டம். இங்கே முறையே 192, 178, 152, 138 மி.மீ. வூஃபரின் வெளி விளிம்பு 206. பழைய ஃபோம் மிச்சமே இல்லையென்றால் கோனின் விட்டத்தையும் பிரேமில் தெரியும் பசைத் தடத்தையும் அளந்தால் போதும். உள் ஓரம் தட்டையா, கோனின் சாய்வுக்கு ஏற்பச் சாய்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். தட்டையான ஃபோமை சாய்ந்த கோனில் ஒட்டினால் ஓரம் சுருங்கிச் சுருங்கித் தூக்கும்.

இரண்டாம் நாள்: சுரண்டல்

வேலையில் பாதி இதுதான், பொறுமையும் இதில்தான் தீரும். முன்பக்க அட்டை வளையத்தை மெல்லிய பிளேடால் அடியிலிருந்து நெம்பி முழுசாக எடுத்து வைத்தாயிற்று. அது மறுபடி தேவைப்படும். பிரேமில் ஒட்டிய எச்சத்துக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்துச் சுரண்டினால் வழித்துக்கொண்டு வருகிறது. கோன் பக்கம் அந்த அவசரம் ஆகாது. பேப்பர் ஆல்கஹாலைக் குடித்தால் கறை நிற்கும், ஊறினால் ஓரம் பிரியும். பஞ்சுக் குச்சியால் ஒரு விரல் அகலம் ஈரப்படுத்தி, ஐஸ்கிரீம் குச்சியின் ஓரத்தால் வழித்து, உலரவிட்டு அடுத்த இடம். ஒரு கோனுக்கு ஒன்றரை மணி நேரம். பழைய பசை மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும். மேடு இல்லாவிட்டால் போதும்.

இதை முடிக்கும்வரை கோனின் நடுவிலுள்ள சின்ன மூடியை, அதாவது டஸ்ட் கேப்பைத் தொடக் கூடாது. துகள் காயில் இடுக்குக்குள் போகாமல் காப்பது அதுதான்.

மூன்றாம் நாள்: ஒட்டுதல்

காயிலை இடுக்கின் நடுவில் நிறுத்த இரண்டு வழி. ஒன்று, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்ல ஓடவிட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே உரசல் நிற்கும் இடத்துக்கு ஃபோமை நகர்த்துவது. டஸ்ட் கேப்பைத் தொட வேண்டியதில்லை. ஆனால் காது பழகாதவர்கள் இதில் ஏமாறுவார்கள். மெல்லிய உரசல் சத்தம் கூட்டினால்தான் தெரியும், அதற்குள் பசை இறுகியிருக்கும். இரண்டாவது, டஸ்ட் கேப்பை அறுத்து, காயிலுக்கும் மேக்னட்டின் நடுக் கம்பத்துக்கும் இடையே ஷிம் (மெல்லிய துண்டுகள்) சொருகுவது. இந்த ஜோடியில் இரண்டாவதுதான் செய்தது.

கேப்பின் ஓரத்தில் 2 மி.மீ. விட்டு, பிளேடின் முனை மேலே சாய்ந்திருக்கும்படி அறுக்க வேண்டும். அடியில் காயில் ஒயர் ஓடும். ஆழமாகப் போனால் அதோடு வூஃபர் கதை முடிந்தது. முழு வட்டம் தேவையில்லை, கால் பங்கை விட்டுக் கதவு போலத் திருப்பினால் மறுபடி பொருத்துவது சுலபம். இடுக்கில் தூசி இருந்தால் மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்க மடித்து நுழைத்துச் சுற்றி எடுக்கலாம். ஷிம்முக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்: 5 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளம், ஆறு துண்டு. ஒரு வூஃபரில் கச்சிதம். இன்னொன்றில் இறுகியதால் ஓஎச்பி ஷீட். அழுத்தித் திணிக்கக் கூடாது. காயில் சுற்று கலைந்துவிடும்.

முதலில் கோன் பக்கம் மட்டும். பேப்பர் கோனுக்கு வெள்ளை ஃபெவிகால் நன்றாகவே பிடிக்கிறது. மெல்லிய பூச்சு, வட்டமாக விரலால் அழுத்தி, 24 மணி நேரம் விட்டாயிற்று. பாலிப்ரோபிலின் கோன் என்றால் இது பிடிக்காது, தோல் போல உரிந்து வரும். அதற்கென்ற பிரைமரும் பசையும் வேண்டும்.

பிரேம் பக்கம்தான் தவறு நடந்தது. முதல் வூஃபரில் அங்கேயும் வெள்ளைப் பசையே போட்டதில், இரண்டு வாரத்தில் ஒரு மூலையில் 3 செ.மீ. தூக்கிவிட்டது. பெயின்ட் அடித்த இரும்பு ஈரத்தை உறிஞ்சாது. பசை மேலே தோல் போல உலர்ந்து நின்றதே தவிரப் பிடிக்கவில்லை. கழற்றி, சொரசொரப்பான எமரி தாளால் தேய்த்து, ரப்பர் வகைப் பசை போட்ட பிறகு நின்றது. டப்பாவில் எழுதியிருப்பது போல இரு பக்கமும் தடவி உலரவிட்டு ஒட்டினால் பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. ஒரு பக்கம் மட்டும் தடவி ஈரத்திலேயே வைத்தால் சில நிமிடம் நகர்த்த இடம் கிடைக்கும். கரைப்பான் ஃபோமை உப்ப வைக்கிறதா என்று வெட்டுத் துண்டில் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஷிம்களை உருவி, கோனை அழுத்திப் பார்த்து, சத்தம் இல்லையென்று உறுதியான பின்தான் டஸ்ட் கேப்பை மூட வேண்டும்.

கெபாசிட்டர்

ட்வீட்டருக்குத் தொடரில் 4.7 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட், பைபோலார் எலக்ட்ரோலிடிக் ஒன்று. அளந்தால் ஒன்று 6.1, இன்னொன்று 5.4. 8 ஓமுக்கு 4.7 என்றால் ட்வீட்டர் பாடத் தொடங்கும் பிரிப்பு 4,200 ஹெர்ட்ஸ் அருகில், 6.1 என்றால் 3,300க்கு இறங்கிவிடுகிறது. ட்வீட்டர் தன்னால் தாங்க முடியாத ஒலியையும் சுமக்கிறது. இரண்டு பெட்டியும் வேறு வேறு மாதிரிப் பாடியதற்குக் காரணம் இதுதான்.

ஆடியோ கெபாசிட்டர் என்று விலை கொடுக்கத் தேவையில்லை. தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சீலிங் ஃபேன் கெபாசிட்டர் மெட்டலைஸ்டு பாலிப்ரோபிலின் ஃபிலிம்தான், 440 வோல்ட் ஏசி தாங்கும். 2.25ம் 2.5ம் இணையாகப் போட்டால் 4.75. சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போகும் அலைச்சலும் மிச்சம். ஒரு விஷயம்: பழைய எலக்ட்ரோலிடிக்கில் உள் தடை கொஞ்சம் உண்டு, ஃபிலிமில் கிட்டத்தட்ட இல்லை, அதனால் மேல் ஒலி சற்றுத் தூக்கலாகக் கேட்கும். 0.47 ஓம், 5 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டதும் அடங்கியது.

பெட்டி

உள்ளே இருந்த கிளாஸ் வூலை அப்படியே விட்டாயிற்று (கையுறை அவசியம், அரிப்பு இரண்டு நாள் போகாது). சிப்போர்டில் ஸ்க்ரூ ஓட்டைகள் தளர்ந்திருந்தன. ஃபெவிகாலில் நனைத்த தீக்குச்சி இரண்டைச் சொருகி ஒடித்துவிட்டால் மறுபடி பிடிக்கும். வூஃபருக்கு அடியில் 3 மி.மீ. ஃபோம் டேப். மாட்டும்போது வூஃபரை 180 டிகிரி திருப்பி வைத்தது தெரிந்தே செய்தது: இத்தனை வருடம் ஒரே பக்கம் தொங்கிய ஸ்பைடருக்கு எதிர்ப்பக்கம் இழுவை கிடைக்கட்டும் என்று. மாட்டிய பின் கோனை மெல்ல உள்ளே தள்ளி விட்டால் ஓரிரு நொடி எடுத்துத் தயங்கித் திரும்ப வேண்டும். சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று கசிகிறது. இடது பெட்டியில் கசிந்தது பின்பக்க ஒயர் முனைத் தட்டில்.

மேல் வெனீருக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை. தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அளந்தது

ஆம்ப்ளிஃபயருக்கும் வூஃபருக்கும் இடையே 220 ஓம் தொடரில் வைத்து, போனில் அலை உருவாக்கும் செயலியை ஓட்டி, வூஃபர் முனைகளில் ஏசி வோல்டேஜ் எங்கே உச்சம் தொடுகிறது என்று தேடினால் அதுவே வூஃபரின் இயல்பு அதிர்வெண், அது தானாக அதிகம் அதிரும் இடம். சாதாரண மீட்டர் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அளவைத் தப்பாகச் சொன்னாலும் உச்சி இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். ஒட்டிய மறுநாள் திறந்த காற்றில் 38, 39. இருபது மணி நேரம் மிதமாக ஓடிய பின் 33, 34. பெட்டிக்குள் 58. திறந்த காற்றில் இரண்டு வூஃபருக்கும் இடையே ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான், ஜோடி என்று சொல்லலாம்.

ஓட்டுவதற்கு 24 வோல்ட் அடாப்டரில் ஒரு சின்ன டிபிஏ3116 ஆம்ப்ளிஃபயர் போர்டு. 8 ஓமில் சேனலுக்கு 30 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்; பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறைக்கு அது தாராளம்.

முன் துணி இன்னும் பாக்கி. வாயில் வைத்து ஊதினால் தடையில்லாமல் காற்று போகும் பாலியஸ்டர் வலைத் துணி வேண்டும். கடையில் காட்டிய இரண்டும் ஊதுவதற்குள் கன்னம் உப்பிவிட்டது.