என் ரெஸ்யூமில் என் பெயரே இல்லை

ஓசூரில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் வந்திருந்தார். என் ரெஸ்யூமைப் பார்த்துச் சொல்லுங்கக்கா என்று பென் டிரைவைக் கொடுத்தேன். லேப்டாப்பில் திறந்தவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, நேராகத் தேடுகிற பெட்டியில் 'டைட்ரேஷன்' என்று தட்டினார், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற லேப் சோதனை அது. ஒன்றும் வரவில்லை. 'கெமிஸ்ட்ரி' என்று தட்டினார், அதுவும் வரவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே என் பெயரைத் தட்டினார். அதுவும் இல்லை.

"ஏம்மா, இது உன்னோடதுதானா?"

காரணம் சின்னதுதான். பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, கீழே 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற வரிக்கு அடியில் நீல மையில் கையெழுத்துப் போட்டு, அதை மறுபடி ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி வைத்திருந்தேன். கையெழுத்து இருந்தால்தான் மரியாதை என்று நினைப்பு. நம் கண்ணுக்கு அது எழுத்து, கம்ப்யூட்டருக்கு வெறும் போட்டோ. ஏழு மாதமாக எத்தனையோ இடங்களுக்கு, பெயின்ட் கம்பெனியிலிருந்து மருந்து கம்பெனி வரை, பெங்களூரு மெடிக்கல் கோடிங் உட்பட, நான் அனுப்பிக்கொண்டிருந்தது இந்த ஒரே போட்டோவைத்தான்.

ரெஸ்யூமை மெஷினே படித்துக் கிழித்துப் போட்டுவிடும் என்று யூடியூபில் நிறையப் பேர் பயமுறுத்துகிறார்கள். அக்கா ஆபீசில் கிழிப்பதற்கு மெஷின் எதுவும் இல்லையாம். ஒரு வேலைக்கு விளம்பரம் போட்டால் வந்து குவிகிறது, எல்லாவற்றையும் படிக்க யாருக்கு நேரம், அதனால் அந்த வேலைக்கு வேண்டிய நாலைந்து வார்த்தைகளைத் தட்டித் தேடுகிறார், வருகிறவற்றை மட்டும் திறக்கிறார். நம்முடையதில் அந்த வார்த்தை இல்லையென்றால் நம்மை யாரும் நிராகரிப்பதில்லை, நாம் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. எனக்கென்னவோ நிராகரிப்பே தேவலை என்று தோன்றியது.

சரி, ஸ்கேனை விட்டுவிட்டு வேர்டு ஃபைலைத் திறந்தோம். முதல் பாதி முழுக்க மார்க். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.எஸ்சி. வேதியியல், எல்லாம் கட்டம் கட்டி. அடுத்து அப்பா பெயர், திருமணம் ஆகவில்லை, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. அதற்கெல்லாம் கீழே, கடைசிக்கு முந்தின வரியில், வெட்கப்பட்டு ஒளித்து வைத்த மாதிரி: 'மாம்பழக்கூழ் தொழிற்சாலை, லேப் அசிஸ்டென்ட், சீசன் வேலை'.

உண்மையாகவே வெட்கம்தான். எங்கள் பக்கம் மே, ஜூன், ஜூலையில் கூழ் ஃபேக்டரிக்குப் போகாத வீடு கொஞ்சம். அத்தை பழம் கழுவப் போவார், சித்தப்பா லோடு இறக்கப் போவார். அதே கேட் வழியாக நானும் போனேன் என்பதை ஓசூர் கம்பெனிக்காரருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அக்கா அந்த வரியில் விரலை வைத்து, "இங்க என்ன பண்ணின, வரிசையா சொல்லு" என்றார். சொல்லச் சொல்ல அவர் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டே போனார், எனக்கே ஆச்சரியம், இரண்டு பக்கம் வந்தது.

காலையில் போனதும், அமிலத்தன்மை காட்டும் பிஹெச் மீட்டரை அளவு தெரிந்த பஃபர் கரைசலில் சரிபார்ப்பது. ஒவ்வொரு பேட்ச் கூழிலும் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்து பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, பார்ப்பது: பெங்களூரா ரக மாம்பழம் என்றால் 14க்குக் குறையக்கூடாது, அல்போன்சா என்றால் 16. பிறகு புளிப்பு, அதுதான் டைட்ரேஷன். கூழை எடை போட்டு, தண்ணீர் சேர்த்து, நிறம் மாறிக் காட்டுகிற ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடை பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கல்லூரியில் இதே சோதனையைத் தெளிந்த தண்ணீர் மாதிரிக் கரைசலில் செய்திருப்போம், இளஞ்சிவப்பு பளிச்சென்று தெரியும். மாம்பழக் கூழோ மஞ்சள், அதில் இளஞ்சிவப்பு வந்தால் ஒரு மாதிரி ஆரஞ்சாகத்தான் தெரியும், அது வந்துவிட்டதா வரவில்லையா என்று முதல் வாரம் முழுக்கத் தடுமாறினேன். நன்றாக நீர்க்க வைத்து, வடிகட்டி, கீழே வெள்ளை டைல் வைத்து, பக்கத்தில் சொட்டு விடாத இன்னொரு குடுவையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண் பழகியது. முடிவை ரிஜிஸ்டரில் ஏற்றி, பேட்ச் நம்பரை 215 கிலோ டிரம்மின் லேபிளோடு ஒத்துப் பார்க்க வேண்டும், நம்பர் மாறினால் ஏற்றுமதி சரக்கு அப்படியே நிற்கும்.

இவ்வளவையும் நான் 'சீசன் வேலை' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருந்தேன்.

அன்று உட்கார்ந்து அந்த நோட்டை வைத்து மூன்று ரெஸ்யூம் தயாரித்தோம். மூன்றிலும் வேலை அதேதான், வருடங்களும் அதேதான், எதுவும் கூட்டவில்லை. உணவு கம்பெனிக்குப் போவதில் பிரிக்ஸ், அமிலத்தன்மை, பேட்ச் பதிவு முதலில் வந்தது. மருந்து கம்பெனி விளம்பரத்தை அக்கா பேனாவோடு படித்தார், அதில் 'ஆவணம்', 'அளவுத்திருத்தம்', 'எஸ்ஓபி' (வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த நடைமுறை) என்று திரும்பத் திரும்ப இருந்தது, அதனால் பிஹெச் மீட்டரைத் தினமும் சரிபார்த்ததும் ரிஜிஸ்டர் எழுதியதும் மேலே ஏறின, மாம்பழம் கொஞ்சம் கீழே இறங்கியது. ஓசூரில் ஒரு எலக்ட்ரோபிளேட்டிங், அதாவது உலோக முலாம் பூசுகிற, கம்பெனியின் லேபுக்குப் போவதில் முதல் வரியே டைட்ரேஷன்: ஒரு ஷிஃப்டுக்கு சுமார் 25 மாதிரி, இரண்டு சீசன், தனியாக. மார்க் கட்டமெல்லாம் கடைசிக்குப் போய் இரண்டே வரி ஆனது, கட்டத்தையும் எடுத்துவிட்டோம், சில இணையதளங்களில் ஏற்றினால் கட்டத்துக்குள் இருப்பது கன்னாபின்னாவென்று கலைந்துவிடுகிறது. உறுதிமொழி, கையெழுத்து, பாட்டுக் கேட்பது எல்லாம் போயே போச்சு.

மொழி வரியை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் பாட்டி தெலுங்கு, எனக்குக் கன்னடமும் பேச வரும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது பெரிய விஷயமில்லை என்பதால் நான் கடைசியில் போட்டிருந்தேன். ஓசூர் ஷாப் ஃப்ளோரில் மூன்று மொழியும் ஓடும், அதைக் கொஞ்சம் மேலே கொண்டு வா என்றார். ஊர் பெயரும் அப்படித்தான். கம்பெனி பஸ் எந்த ரூட்டில் வருகிறது என்று பார்த்து ஆள் எடுக்கிற இடங்கள் இருக்கின்றன, அங்கே போவதில் காவேரிப்பட்டணம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும், பெங்களூருக்குப் போவதில் அங்கேயே தங்கத் தயார் என்று ஒரு வரி வேண்டும்.

இதில் நான் ஒரு கூத்தும் அடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வார்த்தைதான் முக்கியம் என்று புரிந்ததும் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த வாரம் அக்காவிடம் காட்டாமலே ஒரு மருந்து கம்பெனிக்கு நானாக ஒன்று தயாரித்தேன், விளம்பரத்தில் இருந்த அத்தனை வார்த்தையையும் அள்ளிப் போட்டு. அதில் ஹெச்பிஎல்சியும் ஒன்று, மருந்தில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கிற மெஷின். அந்த மெஷினைக் கல்லூரியில் சுற்றுலா கூட்டிப்போன இடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வியே, "எந்த column யூஸ் பண்ணினீங்க, மொபைல் ஃபேஸ் என்ன?" அதாவது மெஷினில் எந்தக் குழாய், அதில் ஓட விட்ட திரவம் எது என்று கேட்கிறார். நான் ஏதோ தண்ணீர் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அந்த மனிதர் திட்டவில்லை, ரெஸ்யூமை மெதுவாகத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தார், அதுதான் தாங்கவில்லை. தெரிந்த மீதி எட்டு விஷயத்தில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை, எப்படிக் கேட்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சூளகிரி தாண்டும் வரை அந்தக் கவிழ்ந்த தாளே கண்ணில் நின்றது.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வரிசையை மாற்றலாம், வார்த்தையை மாற்றலாம், அதாவது நான் 'புளிப்பு டெஸ்ட்' என்று சொல்வதை அவர்கள் 'அமிலத்தன்மை நிர்ணயம்' என்று கேட்டிருந்தால் அவர்கள் சொல்வது போலவே எழுதலாம், தேவையில்லாததை விட்டுவிடலாம். தேதி, பதவிப் பெயர், மார்க், எத்தனை மாதம் வேலை பார்த்தேன் என்பது, இவற்றில் கை வைப்பதில்லை. எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் 'எப்படிச் செய்தாய்?' என்று கேட்டால் ஐந்து நிமிடமாவது பேசத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரி வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்தால் நேரம் ஆகாதா என்று தோழிகள் கேட்கிறார்கள். ஆகும்தான். முதல் மூன்றுக்கும் ஒரு நாள் முழுக்க ஆனது, இப்போது முக்கால் மணி நேரம், நோட்டில் எல்லாம் இருப்பதால் எடுத்து வைப்பதுதான் வேலை. அதனால் வாரத்துக்கு பத்து இடம் அனுப்பிக்கொண்டிருந்தவள் மூன்று நான்குக்கு வந்துவிட்டேன். டிஎன்பிஎஸ்சி மாதிரி அரசு வேலைகளுக்கு இப்படி மாற்றி எழுதுகிற வேலையே கிடையாது, அவர்கள் கொடுக்கிற படிவத்தில் கேட்டதை மட்டும் நிரப்ப வேண்டும். கேட்டில் செக்யூரிட்டியிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு வருகிற ஆபரேட்டர் வேலைகளுக்கு ஒரே பக்கம், பெரிய எழுத்து, போன் நம்பர் மேலே, அது போதும்.

பிளேட்டிங் லேபிலிருந்து செப்டம்பரில் கூப்பிட்டார்கள். லேப் இன்சார்ஜ் வயதானவர், ரெஸ்யூமின் முதல் வரியைப் பார்த்துவிட்டு, "நிக்கல் பாத் பச்சை கலரும்மா, கலர் சாம்பிள்ல எண்ட் பாயின்ட் பார்த்த பழக்கம் உண்டா?" என்றார். நிக்கல் பாத் என்பது முலாம் பூசுகிற தொட்டிக் கரைசல், எண்ட் பாயின்ட் என்பது சொட்டு விடுவதை நிறுத்த வேண்டிய இடம். மஞ்சள் கூழில் இளஞ்சிவப்பைத் தேடின கதையைச் சொன்னேன், நீர்க்க வைத்தது, வெள்ளை டைல், ஒப்பிடுகிற குடுவை எல்லாம். அவர் எழுந்து போய் ஒரு குடுவையில் நீர்க்க வைத்த பாத் கரைசலைக் கொண்டு வந்து, அமோனியா விட்டு, நிறம் காட்டுகிற மியூரெக்ஸைடு பொடி ஒரு சிட்டிகை போட்டு, இடிடிஏ என்ற கரைசல் நிரப்பின பியூரெட்டை என் பக்கம் தள்ளினார். மஞ்சளாக இருந்தது ஊதாவாக மாற வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு சொட்டு அதிகமாக விட்டுவிட்டேன். "முதல் தடவைக்குப் பரவாயில்ல, இன்னொண்ணு பண்ணு" என்றார்.

அக்டோபரில் சேர்ந்தேன். அந்தப் பழைய நோட்டில் நிக்கல் பாத்துக்கு மட்டும் இப்போது நாலு பக்கம் ஆகியிருக்கிறது.