25,000 அடியில் மாஸ்க்கைக் கழற்றியபோது

பெங்களூரில் இருக்கும் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில், ஆக்சிஜன் குறைந்தால் நமக்கு என்ன ஆகும் என்று உணர, பயிற்சியின் ஒரு பகுதியாக எங்களைத் தாழ்வழுத்த அறையில் உட்கார வைத்தார்கள். அறைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்ச உறிஞ்ச, தரையிலேயே இருந்துகொண்டு உயரத்துக்குப் போய்விடுவோம்.

சளி பிடித்திருந்தால் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். அடைபட்ட சைனஸோடு ஏறினால் இறங்கும்போது உயிர் போகிற வலி வரும். முந்தின இரவு வாயு உண்டாக்கும் சாப்பாடும் வேண்டாம். உயரம் கூடக் கூட வயிற்றுக்குள் அது விரியும்.

முதலில் கொஞ்ச உயரம் ஏற்றி இறக்கி, காது அடைப்பு விடுகிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் அரை மணி நேரம் சுத்த ஆக்சிஜன். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனை வெளியேற்றாவிட்டால் மேலே அது குமிழியாகி மூட்டுகளைப் பிடிக்கும்.

25,000 அடியில் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்ற, மற்றவர் கவனிக்க வேண்டும். என் விரலில் ஆக்சிமீட்டர், மடியில் அட்டை, பென்சில். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதிக்கொண்டே போகணும். 93, 86, 79... மூச்சு முட்டவே இல்லை. கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருப்பதால் திணறல் தெரியாது. இதில் ரொம்பப் பயங்கரம் அதுதான். முகம் சூடானது, விரல் நுனி மரத்தது, பிறகு காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம். மாஸ்க்கைப் போடச் சொன்ன குரல் காதில் விழுந்தது, போடத்தான் தோன்றவில்லை. எதிரே இருந்தவர் மாட்டிவிட்டார். சில மூச்சிலேயே அறை பளிச்சென்று ஆனது. நிறங்கள் மங்கியிருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அட்டையில் 58-க்குக் கீழே 51 என்று மூன்று தடவை, அதற்கப்புறம் வெறும் கிறுக்கல். எழுதும்போது எல்லாம் சரியாக வருவதாகத்தான் நினைத்திருந்தேன்.

இந்த உயரத்தில் புத்தி தெளிவாக வேலை செய்வது 3 முதல் 5 நிமிடம்; 40,000 அடியில் 15, 20 விநாடி. 2005 ஆகஸ்டில் கிரீஸில் விழுந்த ஹீலியோஸ் விமானத்தில் 121 பேர் இறந்தார்கள். கேபினில் காற்றழுத்தம் குறைகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தும், விமானிகள் அதை வேறு கோளாறு என்று எடுத்துக்கொண்டு, ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பும்வரை தரைக் கட்டுப்பாட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்த பிறகு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எனக்கு முதலில் முகச்சூடு. என்னோடு இருந்தவருக்கோ கண் மங்கியது. ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் ஒருவருக்குப் பெரும்பாலும் அதே அறிகுறிகள்தான் திரும்ப வரும். அதனால் உள்ளே போகிறவர்கள் கணக்கு தப்பினால் தப்பட்டும் என்று விட்டுவிட்டு, உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று கவனியுங்கள். வெளியே வந்த கையோடு எழுதி வையுங்கள்.