ஓஹிப் கார்டும் என் வலது முட்டியும்

நாங்கள் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வந்து இறங்கியது 2019 செப்டம்பரில். அப்போதெல்லாம் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓஹிப், அதாவது மாகாண அரசின் மருத்துவ இன்சூரன்ஸ், செல்லுபடியாக மூன்று மாதம் ஆகும் (2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், நம்ம நேரம் அப்படி). மூன்று மாதமும் பையனை ஓடாதே, குதிக்காதே என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். கார்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கட்டிலிலிருந்து குதித்துக் கையை முறித்துக்கொண்டான்.

நாங்கள் பேஸ்மெண்டில் குடியிருந்தோம், மேலே வீட்டுக்கார அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் காரில் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனார். இரவு ஏழரைக்குப் போனோம், டாக்டர் பார்க்கும்போது இரண்டு மணி. எங்களுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அங்கே யார் முதலில் வந்தது என்பது கணக்கில்லை, யாருக்கு ஆபத்து அதிகம் என்பதுதான் கணக்கு. கட்டுப் போட்டு முடித்ததும் பர்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பில் கவுண்டரைத் தேடினேன். அங்கிருந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாசலைக் காட்டினார். அன்று நான் கட்டிய ஒரே காசு பார்க்கிங் மெஷினுக்குத்தான்.

மதுரையில் அப்பாவுக்கு பைபாஸ் செய்தபோது முன்பணம் கட்டினால்தான் அட்மிஷன் என்றார்கள். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது, திரும்பி வரவில்லை. அதனால் அந்த ஆறரை மணி நேரம் எனக்குப் பெரிதாகப் படவே இல்லை.

2023 ஜனவரியில் பஸ் ஸ்டாப்பில் ஐஸில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கும்வரைக்கும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம் என்றார் ஃபேமிலி டாக்டர். எப்போது என்று கேட்டேன். செப்டம்பர் ஆகலாம் என்றார். காசு கட்டுகிறேன், அடுத்த வாரம் எடுக்க முடியாதா என்றேன். சிரித்தார். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் காசுக்கு எடுக்கலாம், எல்லை தாண்டி அமெரிக்காவில் பஃபலோ போனாலும் எடுக்கலாம், ஒன்டாரியோவில் காசு கொடுத்து முன்னால் போவது சட்டப்படி தப்பு.

ஆபீஸில் காபி நேரத்தில் இதைச் சொன்னால் போதும், ‘இது அரசாங்கத்தின் ஏகபோகம், போட்டி இல்லாத இடத்தில் வரிசைதான் வளரும்’ என்று ஒரு கோஷ்டி ஆரம்பித்துவிடும். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் இங்கே டாக்டர் எல்லாம் கவர்மெண்ட் ஆள் என்று நினைத்தது என் தப்பு. என் டாக்டர் பிளாசாவில் வாடகைக்கு இடம் பிடித்து, ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்குத் தானே சம்பளம் கொடுத்து, நம்மூர் கிளினிக் போலத்தான் நடத்துகிறார். பில் போகிற இடம் மட்டும் ஓஹிப். ஏகபோகம் கல்லாப்பெட்டியில்தான். அதுவும் முழுசாக இல்லை: வேலை பார்க்கும் வயதில் இருப்பவனுக்குப் பல், மூக்குக்கண்ணாடி, மாத்திரை எல்லாம் பெரும்பாலும் ஓஹிப்பில் வராது, அப்போது கம்பெனி இன்சூரன்ஸ் அல்லது சொந்தக் காசுதான். பல் உடம்பில் சேர்த்தியில்லை போல. ஆம்புலன்ஸுக்கும் 45 டாலர் உண்டு.

இந்த அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸை முதலில் கொண்டுவந்தபோதும் சண்டைதான். 1962 ஜூலையில் சஸ்காச்சுவான் மாகாணம் ஆரம்பித்து வைக்க, அங்கத்து டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட டாமி டக்ளஸ், சின்ன வயதில் கால் எலும்பில் சீழ் வைத்து, காலையே எடுக்கவேண்டிய நிலையில், ஒரு சர்ஜன் இலவசமாகப் பார்த்ததால் தப்பியவர். எதிர்முனையில் வான்கூவரில் பிரையன் டே. 1996-ல் தனியார் அறுவை மையம் திறந்தவர், முட்டி ஆபரேஷன் செய்யும் டாக்டர் வேறு! காசு கொடுத்துச் சீக்கிரம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று 2009-ல் வழக்குப் போட்டு, 2020-ல் தோற்று, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது. என் முட்டி வீங்கியிருந்த அதே ஏப்ரல். அடுத்த மாதமே ஒன்டாரியோவில் தனியார் மையங்களில் கண்புரை, முட்டி ஆபரேஷன் எல்லாம் கூடுதலாகச் செய்யலாம் என்று சட்டம் நிறைவேறியது, காசு ஓஹிப்தான் கொடுக்கும். ஆனால் அங்கே நிற்கப்போகிற நர்ஸும் டாக்டரும் எங்கிருந்து வருவார்கள்?

அண்ணன் இதைத்தான் வேறு மாதிரி சொன்னார். “தம்பி, காசுள்ளவன் முன்னுக்குப் போனால் டொக்டரும் அவனுக்குப் பின்னால போயிடுவார். பிறகு எங்களைப் பார்க்க ஆர் இருக்கினம்?”

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த ஜூனில் மதுரை போயிருந்தபோது, சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கேன் சென்டரில் 7,000 ரூபாய் கட்டி, எட்டரைக்கு ரிப்போர்ட்டும் சிடியுமாக வெளியே வந்து கோனார் மெஸ்ஸில் கறிதோசை சாப்பிட்டேன். அதே ஊரில் பெரியாஸ்பத்திரி வரிசையில் நான் ஒரு நாளும் நின்றதில்லை.

“அப்ப நீங்களும் லைன் பாய்ஞ்சிட்டியள்” என்று அண்ணன் சிரித்தார்.

செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புதன்கிழமை விடிகாலை 2.40-க்கு எம்.ஆர்.ஐ., வர முடியுமா என்று கேட்டாள் ஒரு பெண். மெஷினை ராத்திரியிலும் ஓட்டுகிறார்கள். தேவையில்லை, வேறு இடத்தில் எடுத்துவிட்டேன் என்றேன். “ரொம்ப நல்லது, அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.