128 எண்களும் சில கூட்டல் குறிகளும்

பகுதிநேரமாகப் பிஎச்டி சேர்ந்த முதல் வாரம் என் கைடு சொன்னது இதுதான்: "ஒரு பழைய பரவலை எடுத்துக்கோ. ஒரு அளவுருவைச் சேரு. மிச்சம் தானா வரும்." பரவல் என்பது எந்த மதிப்பு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்று சொல்லும் சூத்திரம்; அளவுரு என்பது அந்தச் சூத்திரத்தின் வடிவை மாற்றும் எண். புள்ளியியலில் பொதுமைப்படுத்திய பரவல்கள் என்ற துறைக்குள் நான் நுழைந்த வாசல் அதுதான். மிச்சம் தானாக வரவில்லை. ஏழு வருடம் ஆனது.

அப்போது நான் ஒரு கலைக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குப் பாய்சான் பரவல், மாலையில் எனக்கென்று ஒரு பரவல் தேடும் வேலை. ஆயுட்காலத் தரவு என்றால் பல்பு எரியும் நேரமாக இருக்கலாம், பேரிங் தேயும் நேரமாக இருக்கலாம், சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும்வரை உள்ள மாதங்களாகவும் இருக்கலாம். எல்லாமே பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்கள். எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: இதுவரை தாக்குப்பிடித்த ஒன்று அடுத்த நொடியில் விழுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? அதை ஹசார்டு என்பார்கள். இடர் வீதம் என்று பாடப்புத்தகம் சொல்லும்.

எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் அந்த இடர் எப்போதும் ஒரே அளவு. நேற்று வாங்கிய பல்பும் மூன்று வருடப் பழைய பல்பும் அதற்கு ஒன்றுதான். வைபுல் பரவலில் இடர் ஏறும், அல்லது இறங்கும். ஏறி இறங்காது, இறங்கி ஏறாது. ஸ்வீடனைச் சேர்ந்த வைபுல் 1951இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படித்தேன். போஃபர்ஸ் எஃகின் வலிமைக்கும் இந்தியப் பருத்தி இழையின் வலிமைக்கும் பிரிட்டனில் ஆண்களின் உயரத்துக்கும் ஒரே சூத்திரத்தைப் பொருத்திக் காட்டியிருப்பார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மனித வாழ்க்கை அவ்வளவு ஒழுங்காக ஒரே திசையில் போவதில்லை. பிறந்த குழந்தைக்கு ஆபத்து அதிகம், நடுவில் குறைவு, முதுமையில் மறுபடி ஏறும். குளியல்தொட்டி வடிவம். அறுவைசிகிச்சைக்குப் பிறகோ பல நோய்களில் இடர் முதலில் ஏறி ஓர் உச்சியைத் தொட்டு அப்புறம் இறங்கும். இந்த இரண்டு வடிவத்துக்கும் வைபுலிடம் பதில் கிடையாது.

அதனால்தான் அளவுருவைச் சேர்க்கிறார்கள். 1993இல் முதோல்கரும் ஸ்ரீவாஸ்தவாவும் வைபுலின் திரள் சார்பை, அதாவது இந்த நேரத்துக்குள் விழுந்துவிடும் வாய்ப்பைச் சொல்லும் சார்பை, அப்படியே ஓர் அடுக்குக்கு உயர்த்தினார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த ஓர் அடுக்கிலேயே குளியல்தொட்டியும் வந்துவிட்டது, மேடும் வந்துவிட்டது. வகுப்பில் இதை நான் இப்படிச் சொல்வேன்: ஓர் அறையில் மூன்று பல்பு இருக்கிறது, மூன்றாவதும் போகும்வரை வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தின் ஆயுளைக் கணக்கிட ஒரு பல்பின் சார்பை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் போதும். அடுக்கு முழு எண்ணாக இல்லாவிட்டால் பல்புக் கதை உதவாது, கணக்கு மட்டும் நடக்கும்.

நான் பிடித்துக்கொண்டது குமாரசாமி முறையை. பூண்டி குமாரசாமி என்ற இந்திய நீரியலாளர் 1980இல், கீழேயும் மேலேயும் எல்லை கட்டிய அளவுகளுக்காக ஒரு பரவல் எழுதினார். ஏரிக்குத் தரையும் உண்டு, கரையும் உண்டு. அதற்கு இடையில்தான் தண்ணீர் ஏறி இறங்க முடியும். அப்படிப்பட்ட விஷயங்களுக்கானது. முப்பது வருடம் கழித்து, 2011இல், கார்டெய்ரோவும் டி காஸ்ட்ரோவும் அதை ஒரு அச்சாக மாற்றினார்கள். எந்தப் பரவலை உள்ளே போட்டாலும் இரண்டு புதிய அளவுருக்களோடு வெளியே வரும். பிரேசிலிலிருந்து வந்த கட்டுரைகளில் குமாரசாமி, குமாரசாமி என்று பக்கத்துக்குப் பத்து முறை பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில்தான் விழுந்தேன்.

அந்த அச்சுக்குள் நான் போட்டது, ஏற்கெனவே அடுக்கு உயர்த்திய அதே முதோல்கர் வைபுலை. மொத்தம் ஐந்து அளவுரு. இவ்வளவு நெகிழ்வான பரவலை யாரும் எழுதியதில்லை என்று நினைத்துக்கொண்டு அறுபது பக்கம் எழுதினேன். சராசரி, மாறுபாடு, என்ட்ரோபி, வரிசைப் புள்ளியல்கள் எல்லாம் முடிவில்லாத் தொடர்களாக விரிந்துகொண்டே போயின. இந்தத் துறையின் கட்டுரைகளில் பாதிப் பக்கம் இப்படித்தான் போகும். அந்தச் சூத்திரங்களை எழுதியவர்கூட மறுபடி பயன்படுத்துவதில்லை. நானும் பயன்படுத்தவில்லை.

அப்புறம் தரவு. இந்தத் துறையில் எல்லோரிடமும் சுற்றும் சில தரவுகள் உண்டு. 1960இல் பெயர்க்கெடால் வெளியிட்ட, காசநோய்க் கிருமி செலுத்திய 72 கினிப்பன்றிகளின் ஆயுள் ஒன்று. 1987இல் ஆர்செட் தந்த 50 கருவிகளின் பழுது நேரம் இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பிரபலமானது, லீயும் வாங்கும் எழுதிய பாடநூலின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள சிறுநீர்ப்பைப் புற்றுநோய்த் தரவு. 128 பேருக்கு நோய் தணிந்திருந்த காலம், மாதக் கணக்கில். 0.08இல் தொடங்கி, மிக அதிகமாக 79.05 வரை போகும். சராசரி 9.37. என் மனைவியின் செல்பேசி எண் எனக்கு மனப்பாடம் கிடையாது; இந்த எண்கள் வரிசையாக வரும்.

ஆர் மென்பொருளில் ஓட்டினேன். முதல் சிக்கல், மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்று சொல்லும் திட்டப் பிழை வரவேண்டிய இடத்தில் எண்ணே வரவில்லை. இரண்டாவது, தொடக்க மதிப்பை மாற்றினால் விடை மாறியது. ஒரு முறை ஒரு அளவுரு 2, இன்னொன்று 3. மறு முறை 6, 1. ஆனால் லைக்லிஹூட், அதாவது அந்த அளவுருக்கள் தரவோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண், மட்டும் ஆறாவது தசமம் வரை அசையவில்லை. மென்பொருளின் தேடும் முறைதான் சரியில்லை என்று முடிவு செய்து, நாலு வெவ்வேறு முறைகளில் இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் நிலையாக வந்த ஒரு தொகுதியை எடுத்து அட்டவணையில் போட்டு ஒரு ஜர்னலுக்கு அனுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து மறுப்பு வந்தது. மதிப்பீட்டாளர் நீளமாக எழுதவில்லை. உங்கள் முதல் அளவுருவும் மூன்றாவது அளவுருவும் சூத்திரம் முழுக்கப் பெருக்கமாக மட்டுமே வருகின்றன, கவனித்தீர்களா என்று கேட்டிருந்தார்.

பஸ்ஸில் போகும்போது போனில் படித்தேன். இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. ஏற்கெனவே ஓர் அடுக்குக்கு உயர்த்தியதை இன்னோர் அடுக்குக்கு உயர்த்தினால் இரண்டு அடுக்கும் பெருகி ஒன்றாகிவிடும். எட்டாம் வகுப்பு அடுக்கு விதி! இரண்டும் மூன்றும் ஆறு, ஆறும் ஒன்றும் ஆறு. தரவுக்கு ஆறு மட்டும்தான் தெரியும், அது எப்படி வந்தது என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மென்பொருள் இரண்டு மாதமாக அதைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து அளவுரு என்று நான் ஊரெல்லாம் சொன்னது நாலுதான். புதியவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: திட்டப் பிழை வராவிட்டால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் சூத்திரத்தைத் திரும்பப் பாருங்கள்.

அதைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க நேர்ந்தது. அந்த 128 எண்களுக்குச் சாதாரண எக்ஸ்பொனென்ஷியலைப் பொருத்தினால் ஏஐசி 830.7. ஏஐசி என்பது பொருத்தத்தை அளந்து, ஒவ்வொரு அளவுருவுக்கும் கொஞ்சம் தண்டனை சேர்க்கும் மதிப்பெண். வைபுலுக்கு 832.2, அதாவது சேர்த்த அளவுருவுக்கான தண்டனையைக்கூட அது சம்பாதிக்கவில்லை. முதோல்கர் வைபுலுக்கு 827.4. எண் குறைவாக இருந்தால் நல்லது, ஆகவே அடுக்கு உயர்த்தியது ஜெயிக்கிறது, இடர் ஏறி இறங்கும் மேடும் கிடைக்கிறது. சரி. ஆனால் அளவுருவைக் கூடுதலாகத் தண்டிக்கும் பிஐசியில் எக்ஸ்பொனென்ஷியலுக்கு 833.5, முதோல்கர் வைபுலுக்கு 835.9. அங்கே ஒரே ஒரு அளவுரு வைத்திருக்கும் பரவல் ஜெயிக்கிறது. என் முதல் கட்டுரையில் பிஐசி பத்தி இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

அதோடு, பரவல் தரவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கோல்மோகோரோவ் சோதனை. பி மதிப்பு (மிகச் சிறியதாக வந்தால் பொருத்தம் சந்தேகம்) 0.9 வந்தது, அபாரமான பொருத்தம் என்று எழுதியிருந்தேன். அந்தச் சோதனையின் அட்டவணை, அளவுருக்கள் முன்கூட்டியே தெரிந்திருக்கும்போதுதான் செல்லும். அதே தரவிலிருந்து அளவுருவை மதிப்பிட்டுவிட்டு அதே தரவை வைத்துச் சோதித்தால் பி மதிப்பு வீங்கித்தான் வரும். லில்லிஃபோர்ஸ் 1967லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டு எழுதிய பரீட்சை மாதிரி.

இந்த நிலையில்தான் கைடு, சொந்தமாக ஒரு மருத்துவத் தரவு இருந்தால் ஆய்வேட்டுக்குக் கனம் கூடும் என்றார். ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் அனுமதி கேட்டேன். நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கே ஏழு மாதம் ஆனது. பெயர், ஊர் எதுவும் இல்லாத ஒரு எக்செல் தாள் கிடைத்தது. நிறைய வரிகளில் மாதத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அதாவது, இந்த மாதம் வரை நோய் திரும்பவில்லை என்று தெரியும், அதற்குமேல் தெரியாது. சென்சார் ஆன தரவு என்று பெயர். எனக்குப் பெயர் தெரியும், வகுப்பில் நடத்தியும் இருக்கிறேன். ஆனால் நான் உருவாக்கிய நிரலுக்கு வெறும் எண்கள்தான் வேண்டும். அந்த வரிகளை நீக்கிவிட்டு ஓட்டி, வரைபடத்தை அங்கிருந்த மூத்த மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன சார், எங்க பேஷண்ட்ஸ் எல்லாருக்கும் சீக்கிரமே நோய் திரும்பிடுதா?"

"டேட்டா அப்படித்தான் சொல்லுது மேடம்."

"பிளஸ் போட்டவங்க எங்கே?"

"அவங்களை எடுத்துட்டேன்."

"நல்லா இருக்கிறவங்களை எல்லாம் எடுத்துட்டீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் சங்கடமாக இருந்தது.

திரும்பி வந்து ஒரு தாளில் ஐந்து கற்பனை நோயாளிகளை எழுதிப் பார்த்தேன். 4 மாதம், 6 மாதம், 10 பிளஸ், 12 மாதம், 20 பிளஸ். பிளஸ் இருவரையும் நீக்கினால் சராசரி 22ஐ மூன்றால் வகுக்க, 7.3. குறியை மட்டும் அழித்துவிட்டு எல்லோரையும் சேர்த்தால் 52ஐ ஐந்தால் வகுக்க, 10.4. எக்ஸ்பொனென்ஷியலில் சரியான முறை, எல்லோரும் தாக்குப்பிடித்த மொத்த மாதங்களை நோய் திரும்பியவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுப்பது. 52ஐ மூன்றால் வகுக்க, 17.3. ஏழு எங்கே, பதினேழு எங்கே! நான் ஏஐசியில் மூன்று புள்ளிக்காக வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

நிரலில் மாற்றம் இரண்டே வரி. நோய் திரும்பியவருக்கு அடர்த்திச் சார்பின் (அந்த நேரத்தில் விழும் வாய்ப்பைச் சொல்வது) மடக்கை, பிளஸ் போட்டவருக்கு உயிர்வாழ்வுச் சார்பின் (அந்த நேரத்தைத் தாண்டித் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பைச் சொல்வது) மடக்கை. குமாரசாமி முறையில் உயிர்வாழ்வுச் சார்பு மூடிய வடிவில், அதாவது நேராக எண்ணைப் போட்டுக் கணக்கிடக்கூடிய சூத்திரமாக, கிடைப்பதால் இது சுலபம். பீட்டா பரவலை அச்சாக வைத்திருந்தால் இவ்வளவு லேசாக முடிந்திருக்காது. என் பரவலுக்கு உண்மையில் ஒரு நன்மை இருந்தது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அறுபது பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் அந்த இரண்டு வரியும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. வராமல் போனவருக்கும் தொடர்ந்து வருகிறவருக்கும் நோய் திரும்பும் வாய்ப்பு ஒன்றே என்ற நம்பிக்கை. மருத்துவமனையில் நோயாளிகளைப் போனில் தொடர்புகொள்ளும் அக்காவிடம், ஏன் வராமல் போகிறார்கள் என்று கேட்டேன். "நடவு நேரத்துல யாரும் வரமாட்டாங்க சார். நல்லா ஆயிட்டா பஸ் காசு எதுக்கு தண்டம்னு வரமாட்டாங்க. ரொம்ப முடியாமப் போனாலும் வரமாட்டாங்க, வண்டி வெச்சுக் கூட்டிட்டு வரணுமே." மூன்று பேருக்கும் தாளில் ஒரே கூட்டல் குறிதான். எத்தனை அளவுரு சேர்த்தாலும் அந்தக் குறியைப் பிரித்துப் பார்க்க முடியாது. அவருடைய போன் நோட்டில்தான் காரணங்கள் இருந்தன, பேனாவில், பாதி அழிந்து. அவற்றை மூன்று வகையாகப் பிரித்து எழுத அவரோடு ஆறு சனிக்கிழமை உட்கார்ந்தேன். வகைக்கு வகை வளைவு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்த அந்த அத்தியாயம்தான் ஆய்வேட்டில் இன்றைக்கும் நான் கூசாமல் காட்டக்கூடியது.

அதே அத்தியாயத்தில், மருத்துவமனைத் தரவுக்கு என் பரவலைவிடச் சாதாரண வைபுலே போதும் என்றும் எழுதவேண்டி வந்தது. கைடு முகம் சுளித்தார். "அப்போ முதல் மூணு சாப்டர் எதுக்கு?" என்றார். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. வைவாவில் வெளித்தேர்வாளர் அந்த அத்தியாயத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றார், சூத்திரங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கைடு அப்புறம் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

திருத்திய நாலு அளவுருக் கட்டுரையும் ஒரு ஜர்னலில் வந்தது. போன மாதம் வேறொரு ஜர்னலிலிருந்து மின்னஞ்சல், ஒரு கட்டுரையை மதிப்பிட முடியுமா என்று. என் பரவலுக்கு இன்னும் ஒரு அளவுரு சேர்த்திருந்தார்கள். நேராகச் சூத்திரத்துக்குப் போய், இரண்டு அளவுரு எங்காவது பெருக்கமாக மட்டும் வருகிறதா என்று தேடினேன். இல்லை, கவனமாகத்தான் செய்திருந்தார்கள். அப்புறம் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். மருத்துவத் தரவு என்று தலைப்பு, கீழே எண்கள். முதல் எண் 0.08.