பிலடெல்பியா ஆறாம் தெரு: மணியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

பிலடெல்பியா போகிறவர்களில் பாதிப் பேர் சுதந்திர மணி முன்னால் படம் எடுத்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். வயிறு எரிகிறது. மணிக்குப் பக்கத்திலேயே ஓடும் ஆறாம் தெருவில் தெற்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும். அடிமைத்தனமும் விடுதலையும் எழுப்புதலும் அந்த ஒரே தெருவில் இருக்கின்றன.

கார் வேண்டாம். அந்தப் பகுதியில் நிறுத்தக் கொடுக்கும் காசில் இருவர் சாப்பிட்டுவிடலாம். மார்க்கெட் தெருவுக்கு அடியில் ஓடும் ரயிலில் ஐந்தாம் தெரு நிலையத்தில் இறங்குங்கள்.

முதலில், பிலடெல்பியா அமெரிக்கத் தலைநகராக இருந்த காலத்து ஜனாதிபதி மாளிகை நின்ற இடம். அனுமதி இலவசம். முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் இங்கே அடிமையாக வைத்திருந்த ஒன்பது பேரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பென்சில்வேனியா மாநிலத்தின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தவர் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து இங்கே இருந்தால் விடுதலை கேட்கலாம். அதனால் கெடு முடிவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி, திரும்ப அழைத்துக்கொண்டார் வாஷிங்டன். 1796 மே மாதம், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண் வாசல் வழியாக நடந்து போனாள். பிறகு அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

வால்நட் தெரு முனையில் வாஷிங்டன் சதுக்கம். நிழல் நன்றாக இருக்கும், உட்காருங்கள். 1793 மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்கள் பலர் இந்தப் புல்லுக்கு அடியில்தான் கிடக்கிறார்கள். சுமார் 5,000 உயிர் போன கொள்ளைநோய் அது. கறுப்பர்களுக்கு இந்தக் காய்ச்சல் தொற்றாது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தவறாக நம்பி அவர்களிடம் உதவி கேட்டார். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்புத் தலைவர்கள் ரிச்சர்ட் ஆலனும் அப்சலம் ஜோன்சும் ஆள் திரட்டிப் பிணம் எடுத்தார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் அவர்களையும் விடவில்லை. பிறகு, கறுப்பர்கள் அநியாயக் கூலி வாங்கினார்கள் என்று பதிப்பாளர் மேத்யூ கேரி எழுதினார். படிக்கும்போதே கொதிக்கிறது. 1794-இல் இருவரும் கணக்கை அச்சிட்டே காட்டினார்கள்: சவப்பெட்டிக்கு 33 பவுண்டு, ஐந்து ஆட்களின் கூலி 378 பவுண்டு, வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். கையிலிருந்து போட்டது 177 பவுண்டுக்கு மேல்.

ஆலன் பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தே வாழ்ந்தவர். டெலவேர் மாநிலத்தில் அவரை அடிமையாக வைத்திருந்த ஸ்டர்ஜிஸின் வீட்டில் மெத்தடிஸ்ட் பிரசங்கியார் ஃப்ரீபார்ன் கேரட்சன், “நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்” என்ற வசனத்தை எடுத்துப் பேசினார். ஸ்டர்ஜிஸின் மனம் குத்தப்பட்டது. ஆனாலும் ஆலனைச் சும்மா விடவில்லை, விடுதலைக்கு விலை சொன்னார்: அமெரிக்கக் காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணமாக 2,000 டாலர், அல்லது பொன்னும் வெள்ளியுமாக 60 பவுண்டு. ஆலன் விறகு வெட்டியும், செங்கல் சூளையில் வேலை பார்த்தும், உப்பு வண்டி ஓட்டியும் அதைக் கட்டித் தீர்த்தார்.

லம்பார்டு தெரு முனையில் ஆலன் எழுப்பிய மதர் பெத்தேல் ஆலயம். அதன் கதை வேறொரு ஆலயத்தில் தொடங்குகிறது. நான்காம் தெரு செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் தளம் போடவும் மேல் மாடம் கட்டவும் கறுப்பு விசுவாசிகள் பணம் கொடுத்தார்கள், உழைத்தார்கள். கடைசியில் வெள்ளையர்கள் அவர்களையே அந்த மாடத்துக்குப் போகச் சொன்னார்கள். முழங்காலில் நின்ற ஜோன்சை ஜெபத்தின் நடுவிலேயே பிடித்துத் தூக்கினார்கள். ஜெபம் முடியட்டும் என்று கேட்டும் விடவில்லை. கறுப்பு விசுவாசிகள் எல்லாரும் ஒரே கூட்டமாக வெளியேறினார்கள். அது 1787 என்கிறார் ஆலன். மாடம் கட்டியது 1792 என்பதால் அதை ஒட்டிய காலமே சரி என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர், எனக்கும் அதுதான் பொருந்துகிறது.

ஆலன் ஒரு பழைய கொல்லன் பட்டறையை வாங்கி, குதிரைகள் பூட்டி இழுத்துவந்து, தான் முன்பே வாங்கியிருந்த இந்த மனையில் நிறுத்தினார். 1794 ஜூலையில் அது ஆலயமாகப் பிரதிஷ்டை ஆனது. பிற்பாடு அதை ஏலத்தில் விட்டபோது, பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து, தன் ஆலயத்தைத் தானே மீட்டார். 1816-இல் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை தனியாக எழுந்தது, அவரே முதல் பிஷப்.

இன்று நிற்பது அதே மனையில் எழுந்த நான்காவது கட்டடம். கீழ்த்தளத்தில் அருங்காட்சியகமும் ஆலன், சாரா தம்பதியின் கல்லறையும் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: கிளம்பும் முன் போன் செய்து நேரம் கேளுங்கள், நினைத்த நேரத்துக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும்.