அழகருக்குப் பந்தோபஸ்து

எங்கள் வீட்டுக் கொலுவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் செட் போன வருடம்தான் சேர்ந்தது. மதுரைக்குப் பக்கத்தில் பொம்மை செய்கிற விளாச்சேரியில் வாங்கியது. தங்கக் குதிரையில் அழகர், பச்சைப் பட்டு, தீவட்டிக்காரர்கள், தோப்பறை என்னும் தோல் பையைத் தோளில் மாட்டித் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் என்று களிமண்ணில் சித்திரை மாதத்தையே பிடித்துவைத்திருப்பார்கள். இந்தப் புரட்டாசியில் பரணிலிருந்து இறக்கிய பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, அதில் ஒரு நிர்வாகக் குறைபாட்டைக் கண்டுபிடித்தார்.

"ஏங்க, இவ்வளவு கூட்டம் நிற்கிறது, ஒரு போலீஸ்கூட இல்லையே? அலமாரி நிறைய பொம்மைப் போலீஸ் காராக வாங்கி அடுக்கியிருக்கிறீர்களே, அதில் ஒன்றை எடுத்து வையுங்கள்."

நியாயமான கோரிக்கைதான். ஆனால் என் அலமாரியில் இருப்பவை எல்லாம் அயல்நாட்டுக் காவல்துறை. கறுப்பு வெள்ளையில் அமெரிக்க ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. 2011-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. பக்கத்தில் மஞ்சளும் நீலமும் கட்டம் கட்டமாக அடித்த பிரிட்டிஷ் ரோந்து கார். அதைக் கொண்டுபோய் வைகையில் நிறுத்தினால் கைலிக் கடை விளம்பர வண்டி என்றுதான் நினைப்பார்கள். உச்சியில் சிவப்பு விளக்கு சுழலும் பழைய அம்பாசடர் ஒன்று செய்யலாமா என்றும் யோசித்தேன். அந்தக் கார் 2014-இல் நின்றது, அதிகாரிகளின் சிவப்புச் சுழல்விளக்கு 2017 மே 1-ஆம் தேதியோடு போனது. அப்படியானால் கொலுவில் இருப்பது எந்த வருடத்துத் திருவிழா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மனைவியிடம் இதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அனுமாரைத் துடைத்தார்.

ஆகவே, நம்மூர் போலீஸ் ஓட்டும் பொலிரோ ஜீப். விளக்குத்தூண் பக்கம் ஒரு பொம்மைக் கடையில் வெள்ளை நிறத்தில் கிடைத்தது. டப்பாவில் விலை இருந்தது, நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்கியது என்கிற விகிதம் இல்லை. நிஜ வண்டியின் நீளம் 3,995 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்குள் அடக்கினால் வரி குறைவு என்பதால் நம் நாட்டில் பல வண்டிகள் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து மில்லிமீட்டர் குறைவாக நிற்கும். அதை, மாடல் கார்களில் வழக்கமான 24-ஆல் வகுத்தால் பதினாறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கடையிலேயே அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய சரியாக வந்தது. 1:24 என்று அந்த இடத்திலேயே பதிவு செய்துவிட்டேன். கடைக்காரர், "குழந்தைக்கு என்ன வயது சார்?" என்றார். "நாற்பத்தாறு" என்று சொல்ல வாய் வரவில்லை.

மாடல் வண்டிக்காரர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. கடையில் வாங்கியதை அப்படியே வைக்க மனம் வராது. சக்கரத்தைக் கழற்றுவோம், கண்ணாடியைப் பெயர்ப்போம், உப்புத்தாள் போட்டு அச்சு வார்த்த கோடுகளைத் தேய்ப்போம், பிரைமர் அடித்து மறுபடி பெயின்ட் அடிப்போம். அவசரப்பட்டுத் தின்னரை ஊற்றினால் பிளாஸ்டிக் பிசுபிசுத்து வண்டியே ஜவ்வாகிவிடும் என்பதால் எல்லாம் நிதானமாக நடக்க வேண்டும். வயர்லெஸ் ஏரியலுக்கு ஒரு மெல்லிய கம்பி. நம்பர் பலகையில் 'டிஎன் 59 ஜி'. 59 என்றால் மதுரை வடக்கு, 'ஜி' அரசு வண்டி. இதுவரை சுலபம்.

'காவல்' என்ற எழுத்தில்தான் சிக்கல். அமெரிக்கப் போலீஸின் எழுத்தும் சின்னமும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் டிகாலாகத் தயாராக விற்கும். தமிழில் வேண்டுமென்றால் அதற்கான தாளை வாங்கி நாமே அச்சடித்துக்கொள்ள வேண்டியதுதான். தாளோடு ஒரு டிடிபி கடைக்குப் போனேன்.

"என்ன சார் அடிக்க வேண்டும்?"

"போலீஸ் வண்டிக்கு ஒட்டுகிற 'காவல்' ஸ்டிக்கர்."

"எந்த வண்டிக்கு?"

"பொலிரோ."

"நீங்கள் போலீஸா?"

"இல்லை."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். போலீஸ், பிரஸ் என்று கண்டவர்களும் ஒட்டிக்கொண்டு திரிந்ததால் 2024 மே மாதத்திலிருந்து சென்னையில் அபராதம் போடுவதையும், இந்த மாதிரி வேலையே தாம் எடுப்பதில்லை என்பதையும் எனக்கு விளக்கினார். பையிலிருந்து அளவு எழுதிய சீட்டை எடுத்து நீட்டினேன். அகலம் ஒன்றரை சென்டிமீட்டர். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பி, "டேய், இங்கே வா" என்று உதவியாளரையும் கூப்பிட்டுப் பார்க்க வைத்தார். அச்சடித்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். மரியாதையா பரிதாபமா, தெரியவில்லை.

அடுத்தது விளக்கு. டவுன்ஹால் ரோட்டில் சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக அரிசி அளவு எல்இடி வாங்கினேன். சிவப்புக்கு இரண்டு வோல்ட் போதும், நீலத்துக்கு மூன்று வேண்டும். கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றிலேயே இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சிவப்பு மொத்தக் கரண்டையும் சாப்பிட்டுவிட்டுப் பிரகாசிக்கும், நீலம் பட்டினி கிடக்கும். பந்தியில் நீலத்துக்குத் தனி இலை போட்டு, தனித்தனி ரெசிஸ்டரோடு செல் பெட்டியைக் கொலுத் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

மேற்கூரை விளக்குச் சட்டத்தின் அளவு மட்டும் நிஜ வண்டியில்தான் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பகுதி டீக்கடையில் ரோந்து ஜீப் நிற்கும்போது டேப்போடு நெருங்கினேன். ஓட்டுநர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். விஷயத்தைச் சொல்லி அலைபேசியில் படங்களைக் காட்டினேன். வெகுநேரம் யோசித்தவர், டேப்பின் மறுமுனையைத் தாமே பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "சார், இடது கதவில் இருக்கிற நசுங்கலைச் செய்துவிடாதீர்கள். அதற்கு நான் இன்னும் விளக்கம் எழுதவில்லை" என்றார். செய்யவில்லை. துறை ரகசியம்.

பிறகு ஆள். காவலர் தேர்வில் பொதுப் பிரிவு ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 சென்டிமீட்டர். 24-ஆல் வகுத்தால் ஏழு. விளாச்சேரிக்குப் போய், ஏழு சென்டிமீட்டரில் ஒரு போலீஸ் வேண்டும் என்றேன். அந்த அம்மா தொப்பியும் தொப்பையுமாக ஒரு பொம்மையை எடுத்து வைத்தார். நான்கு அங்குலம். அதாவது நிஜத்தில் எட்டு அடி. இவர் ஜீப்பில் ஏற முடியாது, ஜீப்பை வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போகலாம்.

"இதைவிடச் சிறியது இல்லையா அம்மா?"

"சிறியதாகச் செய்தால் மீசை தெரியாது தம்பி. மீசை இல்லாமல் போலீஸ் என்று யார் சொல்லுவார்கள்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்கி வந்தேன். கொலுவில் மற்றவர்களை அளந்தபோதுதான் இவர் பரவாயில்லை என்று புரிந்தது. குதிரையோடு ஓர் அடி இருக்கும் அழகர், என் கணக்கில் இருபத்துநான்கு அடி. சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் மளிகைக்கடைச் செட்டியார் பொம்மையே பதினெட்டு அடி. எழுந்து நின்றால் தல்லாகுளம் தாங்காது. இதையெல்லாம் தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன்.

"சாமி பெரிதாகத்தானே இருக்கும்" என்றார்.

"செட்டியார்?"

"கடை நன்றாக ஓடுகிறது."

வண்டிக்குக் கடைசி வேலை தூசி. ஆற்றுமணலில் நிற்கும் ஜீப் பளபளவென்று இருக்கலாமா? செங்கல் பொடியையும் சாக்பீஸ் பொடியையும் குழைத்து, சக்கர வளைவிலும் கதவின் கீழ்விளிம்பிலும் மெல்லிய பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். இரவு வெகுநேரம் ஆனது. வைகையில் கிடந்து எழுந்துவந்த வண்டியாகவே தெரிந்தது. காலையில் எழுந்து பார்த்தால், மணையில் கவிழ்ந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. "எத்தனை நாள் அழுக்கோ, கொலுவில் அப்படியேவா வைப்பது? சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன்" என்றார் அம்மா. எழுத்துகளுக்கு மேல் வார்னிஷ் அடித்திருந்ததால் 'காவல்' மட்டும் தப்பியது.

முதல் வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தெருவிலிருந்து ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர் தம் மனைவியோடு வந்தார். பெண்கள் பாடிக்கொண்டிருக்க, அவர் படிக்கட்டு முன்னால் குந்தி உட்கார்ந்து விளக்கு மின்னுவதையே பார்த்தார். பாராட்டு வரப்போகிறது என்று நானும் பக்கத்தில் குந்தினேன்.

"இந்த வண்டியை இங்கே நிறுத்தியது யார் தம்பி?"

"நான்தான் ஐயா."

"சாமி இறங்குகிற வழியில் வாகனத்தை நிறுத்தினால் கூட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கும்? தீவட்டியும் இவ்வளவு நெருக்கமாக இருக்கக் கூடாது."

கொலு வைத்த பிறகு பொம்மையை அசைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் மனைவி உட்பட யாரும் வாய் திறக்கவில்லை. அவர் தீவட்டிக்காரர்களை ஓரம் கட்டினார், தோப்பறைக்காரர்களை வரிசைப்படுத்தினார், நடுவே ஆம்புலன்ஸ் போக வழிவிட்டார். எட்டடிக் காவலரையும் ஜீப்பையும் இரண்டு படி கீழே, இடம் காலியாக இருந்த ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தார். "இப்போது சரி" என்று சுண்டலை வாங்கிக்கொண்டார்.

அது செட்டியார் கடை வாசல்.

மறுநாள் வந்த குழந்தைகளில் ஒன்று, "பாட்டி, செட்டியாரை ஏன் போலீஸ் பிடிக்கிறது?" என்று ஆரம்பித்தது. அம்மா யோசிக்கவே இல்லை. "எடையில் குறைத்துவிட்டார்" என்றார். அடுத்த நாள் வந்தவர்களுக்குப் பருப்பைப் பதுக்கிய வழக்கு. சரஸ்வதி பூஜைக்குள் கலப்பட எண்ணெயும் சேர்ந்து, ஜாமீன் கிடைக்காத கட்டத்துக்குப் போய்விட்டது. அன்று மாலை எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். மின்னுகிற விளக்கையும் செட்டியாரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

விஜயதசமி கழித்துத் துவரம் பருப்பு வாங்கப் போனேன். எடை மெஷினை என் பக்கம் திருப்பி வைத்து, எண் ஒரு கிலோவைத் தாண்டிய பிறகும் இன்னொரு கைப்பிடி போட்டார்.