டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் யுத்தம்

1942 ஜனவரி 16 அன்று, பிலிப்பைன்ஸின் பத்தான் தீபகற்பத்தில், மோராங் ஊருக்குள் அமெரிக்கப் படையின் 26-ஆம் குதிரைப்படை ஜப்பானியர்மேல் பாய்ந்தது. முன்னால் போனவர் லெப்டினன்ட் எட்வின் ராம்சே. சிப்பாய்கள் பிலிப்பினோக்கள், அதிகாரிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். இரண்டே மாதத்தில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்து, அந்தக் குதிரைகளையே அறுத்துப் படைக்குச் சமைத்தார்கள். அங்கே படை நடத்திய ஜெனரல் வெயின்ரைட்டின் குதிரையும் தப்பவில்லை.

இந்தப் பிரிவு அமெரிக்கப் படையின் முறையான அங்கம் என்பதால் அதற்குப் பதிவேடு இருந்தது. காட்டுக்குள் கொரில்லாவாகச் சண்டை போட்டவர்களின் பாடுதான் திண்டாட்டம். பெரும்பாலான பிலிப்பினோ வீரர்களின் சேவை சலுகைகளுக்குச் செல்லாது என்று 1946-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 2009-இல் ஒருவழியாக ஒருமுறைத் தொகை வந்தது: அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000. படைப் பதிவில் பெயர் கிடைக்காத கிழவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நம் காவிரி டெல்டாவிலும் இதே கதைதான். ரஜூலா கப்பலேறி மலாயா போனவர்கள், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள், பட்டாளத்தில் பர்மா பார்த்தவர்கள் எல்லாருடைய காகிதமும் பரணில், டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கிறது. டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், கடிதம், வாழைமரம் போட்ட ஜப்பான் காலத்து நோட்டு.

பெட்டியை ஐப்பசி, கார்த்திகையில் திறக்காதீர்கள். ஈரக்காற்று புகுந்தால் பூசணம் பிடிக்கும். மாசி, பங்குனியில் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் வேண்டாம், மை வெளுத்துவிடும். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளும் கூடவே வரும். தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டு மெல்லக் கழற்றுங்கள்.

லேமினேஷன் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியது பிறகு பிரியாது, உள்ளே தாள் பழுத்துக்கொண்டே போகும். செலோடேப்பும் அப்படித்தான், பத்து வருடத்தில் மஞ்சள் கறை. ஓலைச்சுவடிக்குப் பூசும் புல்தைலத்தைக் காகிதத்தில் தடவுகிறவர்களும் உண்டு. ஓலைக்கு நல்லது, காகிதத்துக்குக் கறை. துவைத்துக் காய்ந்த காடாத் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு முடிச்சு வைத்தால் போதும். ராமபாணப் பூச்சி ஏற்கெனவே இருந்தால், காகிதத்தைப் பாலித்தீன் பையில் காற்றை அமுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது, தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவைப் பிரிக்க முயல வேண்டாம். ஈரத்தில் இளகிய ஜெலட்டின்தான் ஒட்டியிருக்கிறது, பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். போட்டோவுக்கு 600 டிபிஐ, கடிதத்துக்கு 300 போதும். கடிதத்தின் பின்பக்கத்தையும் உறையையும் விடாதீர்கள், தபால் முத்திரையில்தான் தேதி இருக்கும். மெடலைப் பளபளவென்று தேய்த்தால் விளிம்பில் பொறித்த எண் அழிந்துபோகும்.

படத்தில் நிற்பவர் யாரென்று சொல்லத் தெரிந்த பெரியவர்களை முதலில் பாருங்கள், காகிதம் காத்திருக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள். “எந்த வருசம் தாத்தா வந்தீங்க?” என்றால் பதில் வராது. “அம்பத்திரண்டு புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றால் உடனே வரும்.

ஸ்கேன் பிரதி ஒன்று டெல்டாவுக்கு வெளியே, மகன் மகள் வீட்டில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஓடு பறந்த வீடுகளில் பரணும் நனைந்தது.